பெயர் சொல்லி ஒரு ஜெபம்

கிரோண்டா, தைத்தா மலை
17 ஏப்ரல் 1988

ஷாலியின் அப்பாவுக்கு வக்கேஷோ எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் ஷாலியும் சுகம். நீங்கள் லொட்வார் போய்ச் சேர்ந்தீர்களா, அந்த வெயிலில் உடம்பு எப்படி இருக்கிறது, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறீர்களா என்று உடனே எழுதவும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பீன்ஸ் முளைத்துவிட்டது.

பேருந்து ஏறும்போது, கிலம்போவுக்காக ஜெபி என்று நீங்கள் சொன்னதைச் செய்யத்தான் பார்த்தேன். முடியவில்லை. இன்று கோவிலில் மன்றாட்டு ஜெபம் நடத்தும் முறை எங்கள் தாய்மார் சங்கத்துக்கு. தலைவி என்பதால் நான்தான் எழுந்தேன். ஆராதனைக்கு முன்னாலேயே குருவானவர் ரிகா என்னைக் கூப்பிட்டு, "புது கவுன்சிலர் பேரைச் சொல்லி ஜெபிச்சிரும்மா, அவர் முன் பெஞ்சிலேயே இருப்பார்" என்று சொல்லியிருந்தார். நோயாளிகளுக்கு ஜெபித்தேன், மழைக்கு ஜெபித்தேன். கிலம்போ என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. "எங்களை ஆளுகிற எல்லாருக்காகவும்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன். கிலம்போ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எப்படிச் சொல்வேன்? ஓட்டுச் சீட்டுக்குப் பதிலாக, பிடித்த வேட்பாளரின் படத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். நியாம்புவின் படத்துக்குப் பின்னால் நின்ற நாங்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றி, கோவில் சரிவு வரைக்கும் இருந்தோம். கிலம்போவுக்குப் பின்னால் நின்ற வரிசை பள்ளிக்கூட நிழலைத் தாண்டவில்லை. நீங்கள்தான் எண்ணினீர்கள். அரசாங்கம் வைத்த ஊர் அதிகாரி சீஃப் எழுந்து கிலம்போ ஜெயித்தார் என்று அறிவித்தபோது, "இன்னொரு தரம் எண்ணுங்க" என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். புகார் எழுதியதும் நீங்கள்தான். அதற்குப் பரிசாக உங்களை நாட்டின் அந்தக் கோடிக்கு மாற்றினார்கள். நானோ அந்த ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாயால் கேட்க வேண்டுமாம்.

ஷாலி உங்கள் சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறாள். நியாம்பு உங்களை விசாரித்தார். பதில் போடவும்.

உங்கள் வக்கேஷோ


லொட்வார்
9 மே 1988

அன்புள்ள வக்கேஷோவுக்கு, சமாதானம் உண்டாவதாக.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் ஷாலியும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே வெயில் என்பதை விட காற்று என்று சொல்வது சரி. கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் மண் வந்து பாதி எழுத்தை மூடிவிடுகிறது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆடுகளும் வகுப்புக்கு வருகின்றன, ஆனால் அவை கேள்வி கேட்பதில்லை.

கிலம்போ விஷயத்துக்கு வருகிறேன். பேருந்தடியில் நான் சொன்னது உன் வாயை அடைப்பதற்காக இல்லை. பயணம் முழுக்க அவரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நைரோபி போய்ச் சேரும் முன்பே அவரை நான்கு விதமாக அடித்து முடித்துவிட்டேன். இங்கே வந்தும் முதல் வாரம் பாடம் நடத்தும்போது மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "சார், யார்கூட பேசுறீங்க?" என்று கேட்டான். வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அவர் உடம்புக்கு, அவர் பிள்ளைகளுக்கு, அவர் எடுக்கிற தீர்மானங்களுக்கு. தினமும் காலையில் செய்கிறேன். இப்போது என்னால் பாடம் நடத்த முடிகிறது.

நம்மை ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்க வேதம் சொல்கிறது. நல்லவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. பெயரைச் சொல்லு வக்கேஷோ. பெயரைச் சொல்லாமல் ஜெபிப்பது முகவரி எழுதாமல் கடிதம் போடுவது போல.

ஷாலியைக் கணக்குப் போட வை. நியாம்புவுக்கு என் வணக்கம்.

மகங்கா


கிரோண்டா
29 மே 1988

ஷாலியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம், ஷாலிக்கு மட்டும் லேசான சளி. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதிலே இல்லை.

நீங்கள் சொன்னபடி பெயரைச் சொன்னேன். இன்று மறுபடியும் எங்கள் முறை. எழுந்து நின்று, "ஆண்டவரே, எங்கள் கவுன்சிலர் கிலம்போவுக்காக வருகிறோம். அவர் எங்களுக்குச் செய்ததற்கெல்லாம் தக்க பலனை அவருக்குத் தவறாமல் கொடும்" என்றேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். அப்படி ஓர் ஆமெனை அந்தக் கோவில் கேட்டிருக்காது. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார்.

"அது ஜெபமாம்மா?"

"வேதத்துல இருக்கிற வார்த்தைதானே ஐயா."

"வார்த்தை இருக்கு. நீ சொன்ன விதம் எந்த வேதத்துல இருக்கு? அவர் ஆளுங்கட்சி ஆள். நாளைக்கு இந்தக் கோவில் கூரைக்குக் கையெழுத்துப் போடப்போறதும் அவர்தான்."

"அப்ப நான் ஆண்டவர்கிட்ட ஜெபிக்கணுமா, கூரைகிட்டயா?"

அவர் அங்கியைக் கழற்றத் திரும்பிக்கொண்டார். நானும் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டேன். இப்போது எழுதும்போது அவர் முகம் ஞாபகம் வந்து சங்கடமாக இருக்கிறது. ஆனால் கிலம்போ சும்மா இல்லை. மேல் ஓடையிலிருந்து வருகிற குழாயைத் தன் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிட்டார். நியாம்புவின் வரிசையில் நின்ற வீடுகளுக்கு இப்போது தண்ணீர் இல்லை. நானும் ஷாலியும் கீழே இறங்கி எடுத்துக்கொண்டு ஏறுகிறோம். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறும்போது கிலம்போவின் உடம்புக்கும் பிள்ளைகளுக்கும் ஜெபிக்க எனக்கு வாய் வராது. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் ஒரு பெயர். எனக்கு அவர் தினமும் குடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வக்கேஷோ


லொட்வார்
20 ஜூன் 1988

அன்புள்ள வக்கேஷோவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஷாலியின் சளி எப்படி இருக்கிறது? யூகலிப்டஸ் இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொல்.

உன் ஜெபத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வருத்தப்பட்டேன். நீ கல்லைத் துணியில் சுற்றி எறிந்திருக்கிறாய். கேட்டவர்களுக்கு அது கல் என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் அத்தனை பெரிய ஆமென். குருவானவரிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா. பயந்த மனுஷன், கெட்ட மனுஷன் இல்லை.

கிலம்போவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அவர் அப்பா குடித்துவிட்டு வந்து பள்ளிக்கூட வாசலில் வைத்தே அவரை அடிப்பார். பிள்ளைகள் எல்லாரும் ஜன்னலில் நின்று பார்ப்போம். யாருமே தனக்குப் பின்னால் நிற்கவில்லை என்றாலும் நின்றதாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைமை அவருக்கு அன்றைக்கே வந்துவிட்டதோ என்று இப்போது யோசிக்கிறேன். அதனால் குழாயைத் திருப்பியது சரியாகிவிடாது. குழாயைப் பற்றி நீர்த்துறைக்கு எழுது. கிலம்போவைப் பற்றி ஆண்டவரிடம் சொல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். சாப்பிடுகிறேன்.

கொஞ்சம் அசதியாக இருக்கிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

மகங்கா


கிரோண்டா
31 ஜூலை 1988

ஷாலியின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஏனென்றால் நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் ஜூன் கடிதத்துக்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால் தாமதம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நேற்று சந்தையில் திருச்சபை லாரி ஓட்டுகிற ஆளைப் பார்த்தேன். வடக்கே சோளம் இறக்கிவிட்டு வந்திருக்கிறார். "வாத்தியார் இப்ப எப்படி இருக்கார்?" என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்ல? "நல்லா இருக்கார்" என்றேன். அவர் முழித்தார். "நல்லாவா? ரெண்டு பேர் தூக்கித்தானே அவரை என் வண்டியில ஏத்தினாங்க. மலேரியா மூளைக்கு ஏறி, ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது என்னை யாருன்னே அவருக்குத் தெரியலையேம்மா."

முட்டைக்கோஸ் கூடையை அங்கேயே வைத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் அசதி என்று எழுதினீர்கள். மலேரியா மூளைக்கு ஏறுவதுதான் உங்கள் ஊரில் கொஞ்சம் அசதியா? கிலம்போவின் அப்பா அவரை அடித்ததை எனக்கு ஒரு பக்கம் எழுத உங்களால் முடிந்தது. உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை. யாருக்குப் பெண்டாட்டி நான்?

உயிரோடு இருந்தால் எழுதவும். எழுத முடியாவிட்டால் யாரையாவது எழுதச் சொல்லவும். குடத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் தபால் வந்ததா என்று வாசலைப் பார்க்கிறேன்.

வக்கேஷோ


லொட்வார்
14 ஆகஸ்ட் 1988

அன்புள்ள வக்கேஷோவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். திட்டியது நியாயம். காய்ச்சல் இரண்டு தரம் வந்தது. இப்போது நடக்கிறேன், கை மட்டும் நடுங்குகிறது, அதனால்தான் எழுத்து இப்படி. மூன்றாவது தரம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

உனக்கு எழுதினால் நீ புறப்பட்டு வந்துவிடுவாய், ஷாலி தனியாக நிற்பாள் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. பீன்ஸ் எடுத்துவிட்டீர்களா?

மகங்கா


கிரோண்டா
28 ஆகஸ்ட் 1988

ஷாலியின் அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்தேன். ஷாலியிடம் காட்டவில்லை. நாங்கள் சுகம், பீன்ஸ் எடுத்தாயிற்று. இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் படிக்க வேண்டும்.

வியாழக்கிழமை நான் கிலம்போ வீட்டுக்குப் போனேன். நியாம்புவிடம் கூடச் சொல்லவில்லை. கிலம்போவின் மனைவி வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பால் டீ கொடுத்தாள். அவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். புதுக் கோட்டு, சட்டையில் கட்சிச் சின்னம்.

"ஷாலி அம்மாவா? வா வா. எனக்குத் தக்க பலன் வாங்கிக் குடுக்க வந்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதைச் சொன்னேன். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் என்ன கல்லா? மகங்கா எனக்கும் சிநேகிதன்தான். ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லு. வரிசையைத் தப்பா எண்ணிட்டேன், புகார் எழுதினது என் தப்பு, கட்சி மன்னிக்கணும்னு. எழுதி வந்துட்டா, வருஷம் முடியறதுக்குள்ள அவன் இங்க இருப்பான்" என்றார்.

வெளியே வரும்போது அவர் மனைவி ஒரு பை சர்க்கரையைக் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வரிசை எவ்வளவு நீளம் என்பது ஆண்டவருக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு தாளில் மாற்றி எழுதினால் அது சுருங்கிவிடாது. நீங்கள்தான் அவரை மன்னித்துவிட்டீர்களே. மன்னித்தவருக்கு இரண்டு வரி எழுத என்ன கஷ்டம்?

சீக்கிரம் அனுப்புங்கள்.

வக்கேஷோ


லொட்வார்
15 செப்டம்பர் 1988

அன்புள்ள வக்கேஷோவுக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம், காய்ச்சல் இல்லை. நீயும் ஷாலியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அந்த வீட்டுப் படியேறி நின்றதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்காகப் போனாய். அதை மறக்க மாட்டேன். ஆனால் எழுதித் தர மாட்டேன்.

மன்னிப்பது என்றால் அவர் எனக்குச் செய்ததை நான் பிடித்துக்கொண்டிருக்காமல் விடுவது. அது என் கையில் இருக்கிறது, விட்டுவிட்டேன், அல்லது விடப் பார்க்கிறேன். அந்த வரிசை என்னுடையது இல்லை. அதில் நின்றவர்களுடையது. ஊன்றுகோலோடு வந்து வெயிலில் நின்றவர்கள் இருந்தார்கள். கைக்குழந்தையோடு உன் தங்கையும், அவள் பக்கத்தில் நீயும் நின்றீர்கள். அவர்கள் நிற்கவில்லை என்று நான் எப்படி எழுதுவேன்? அவரை நேசிக்கிறேன் என்பதற்காக அவருடைய பொய்யை நான் சுமந்தால், அவருக்கும் அதனால் நல்லது இல்லை.

உனக்கு எரிச்சலாக இருக்கும். சபிக்கிற ஜெபம் செய்தவள் கையெழுத்துப் போடு என்கிறாள், நல்ல ஜெபம் செய்கிறவன் மாட்டேன் என்கிறான் என்று நானே சிரித்துக்கொண்டேன். சிரிப்பு நிற்கவில்லை என்பதுதான் கஷ்டம், அழுகையில் போய் முடிந்தது.

சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிடு.

மகங்கா


கிரோண்டா
9 அக்டோபர் 1988

ஷாலியின் அப்பாவுக்கு,

இங்கே சுகம்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் கேட்ட அந்த இரண்டு வரியை எழுதி, உங்கள் பெயரில். உங்கள் பழைய கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வளைவெல்லாம் பார்த்துப் பார்த்து. உங்கள் கடிதம் வந்த அன்று லாரிக்காரர் மறுபடி வந்திருந்தார். உங்கள் பள்ளியில் உங்களுக்கு முன்னால் இருந்த வாத்தியாரும் இதே காய்ச்சலில்தான் போனார் என்று சொன்னார். இதையும் நீங்கள் எனக்கு எழுதவில்லை. அதற்குப் பிறகு நான் வரிசையைப் பற்றி யோசிக்கவில்லை. ஊன்றுகோல்காரர்களைப் பற்றியும் யோசிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் சீஃப் அதை எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசித்தார். "மகங்கா வாத்தியார் தன் தவறை உணர்ந்துவிட்டார்." கிலம்போ கை தட்ட, கட்சிப் பையன்கள் கை தட்டினார்கள். நியாம்பு எழுந்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார். அவர் வீட்டிலிருந்து இப்போது யாரும் எங்களிடம் பேசுவதில்லை. ஷாலி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா பொய் சொன்னாராம்மா?" என்று கேட்டாள்.

உங்கள் மாற்றல் உத்தரவு வந்துகொண்டிருக்கிறதாம். ஜனவரியில் இங்கே இருக்கலாம்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். இங்கே வந்து சொல்லுங்கள்.

வக்கேஷோ


லொட்வார்
20 நவம்பர் 1988

வக்கேஷோ,

மாற்றல் உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் கைகுலுக்கினார். நான் அதை மேசையில் வைத்துவிட்டேன்.

அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று எழுதினால் உன்னைப் பிடித்துப் போவார்கள். எழுதாவிட்டால் நான் பொய்யன், நியாம்பு சாகும் வரை என்னை அப்படித்தான் நினைப்பார். இரண்டில் எதைச் செய்வது என்று நீயே சொல்.

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குத் தபாலைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் காலையில் கிலம்போவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், தடங்கல் இல்லாமல் வருகிறது. உன் பெயருக்கு வரும்போது வாய் நின்றுவிடுகிறது. இது எனக்கே பயமாக இருக்கிறது.

ஷாலிக்கு என் அன்பைச் சொல்.

மகங்கா


கிரோண்டா
4 டிசம்பர் 1988

ஷாலியின் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது?

இரண்டில் எதைச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்துவிட்டேன்.

எங்கள் முறை வந்தது. கோவில் நிறைந்திருந்தது. கிலம்போ முன் பெஞ்சில், சீஃப் அவருக்குப் பக்கத்தில். நான் எழுந்து, "ஜெபிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றேன். குருவானவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. சொன்னேன். "ஊர்க்கூட்டத்துல வாசிச்ச தாளை எழுதினது என் வீட்டுக்காரர் இல்ல. நான். அவர் மாட்டேன்னு எழுதிட்டார். கையெழுத்தும் நான் போட்டதுதான். வரிசை எவ்வளவு நீளம்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், நீங்கதானே அதுல நின்னீங்க."

  அப்படியே கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, கவுன்சிலர் கிலம்போவுக்கு நல்ல சுகம் கொடும். அவர் வீட்டுக்குச் சமாதானம் கொடும். அவர் எங்களுக்குச் செய்ததை மன்னியும், நான் செய்ததையும் மன்னியும். உண்மையைக் கேட்டு அவர் பயப்படாதபடி செய்யும்." இந்த முறை ஆமென் பெரிதாக வரவில்லை. அங்கங்கே, மெதுவாக வந்தது. நியாம்புவின் குரல் அதில் இருந்தது.

வெளியே கிலம்போ எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு உன்னை உள்ளே வைக்கலாம், தெரியுமா ஷாலி அம்மா?"

"தெரியும். வைங்க. உள்ளேயிருந்தும் உங்க பேரைச் சொல்லி ஜெபிப்பேன். வரிசையோட நீளத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன்."

"மகங்கா சொல்லிக் குடுத்தானா?"

"அவர் என்கூடப் பேசறதே இல்ல."

 அவர் மனைவி அவர் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை சீஃப் கூப்பிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். வழக்குப் போட்டால் வரிசைக் கதையைக் கோர்ட்டிலும் சொல்வேன் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், போகச் சொல்லிவிட்டார்கள். தாய்மார் சங்கத் தலைவி பதவியைக் குருவானவர் எடுத்துவிட்டார், "கொஞ்ச காலத்துக்கு" என்று. உங்கள் மாற்றலை ரத்துப் பண்ணிவிட்டார்களாம். தண்ணீர் இன்னும் வரவில்லை. நீர்த்துறைக்கு மூன்று தரம் எழுதிவிட்டேன். கிலம்போ இன்னும் கவுன்சிலர்தான். நீங்கள் இன்னும் அந்தக் காய்ச்சல் ஊரில்தான். நான் செய்ததால் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

அன்பு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. கோவில் வாசலில் அவர் முழித்துக்கொண்டு நின்றபோது, இந்த மனுஷன் நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் முடியாது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உடனே தர வேண்டாம். வாய் வரும்போது தாருங்கள்.

வக்கேஷோ


லொட்வார்
13 டிசம்பர் 1988

என் வக்கேஷோவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லாரிக்காரர் இந்தக் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருவதாகச் சொன்னார், அதனால் இது சீக்கிரம் வந்துவிடும்.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அந்தக் கோவிலில், அந்தப் பெஞ்சுக்கு முன்னால், நீ தனியாக எழுந்து நின்றாய். நான் வரிசையை எண்ணிய அன்று என்னோடு நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள். இது வேறு.

நான் உனக்கு நிறைய உபதேசம் பண்ணியிருக்கிறேன். கிலம்போவை மன்னித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அவர் வீடு இங்கிருந்து மூன்று நாள் பயணம். நான் மன்னித்தது அந்தத் தூரத்தைத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருத்தி ஒரு தப்புப் பண்ணியபோது ஆறு வாரம் எனக்குப் பேச்சு வரவில்லை. நீ என்னைப் பிழைக்க வைக்கப் பார்த்தாய். நான் உன்னை வார்த்தை பேசாமல் தண்டித்தேன். அதை நீ மன்னிக்க வேண்டும்.

மாற்றல் ரத்து உத்தரவும் வந்துவிட்டது. வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஜனவரியில் இங்கேதான் திரும்ப வேண்டும், கொசுவலை வாங்கிக்கொண்டு. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறேன். இருபத்து மூன்றாம் தேதி வொய் ஸ்டேஷனில் ரயில் இறங்குவேன். ஷாலியையும் கூட்டிக்கொண்டு வா. முதலில் நியாம்பு வீட்டுக்குப் போக வேண்டும்.

பண்டிகை ஆராதனையில் கிலம்போ முன் பெஞ்சில் இருப்பார். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வரும்போது எல்லாரும் எங்கள் இருவரையும்தான் பார்ப்பார்கள். தினமும் இங்கே அவர் பெயரைச் சொல்கிறேன், அது எளிதாக வருகிறது. கை எப்படி என்று எனக்குத் தெரியாது. நீ என் பக்கத்தில் நில். என் கை நீளாவிட்டால் முழங்கையால் ஒரு இடி இடி.

உன் மகங்கா